சுடுதண்ணீர்

கிழக்கு வெளுக்கும் முன்பே அடி தொடங்கிவிடும். கழுவ வந்த கம்பளங்களைக் கம்பிக்கொடியில் தூக்கிப் போட்டு, ஆளுக்கொரு பிரம்போடு இரண்டு பக்கமும் நின்று வெளுத்து வாங்குவார்கள். பெரிய வீடுகளின் கால்தூசியும் நாய்முடியும் பிஸ்கட் தூளும் புகையாகக் கிளம்பி அடிப்பவன் மூக்கில்தான் ஏறும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். "பெரியவங்க கால்தூசி பட்டா புண்ணியம்பாங்க. நமக்கு நெஞ்சு முழுக்கப் புண்ணியம்தான்" என்பான் மொட்டை. பிரம்படிக்காரர்களில் மூத்தவன் அவன். தலையில் முடி கிடையாது, வாய்க்குப் பூட்டும் கிடையாது.

அடித்த கம்பளம் தொட்டிக்குப் போகும். நனைந்துவிட்டால் பிணக்கனம் கனக்கும். ஒற்றை ஆள் அசைக்கக்கூட முடியாது. "யாரு தூக்குறது?" என்று மொட்டை குரல் கொடுப்பான். "எல்லாரும்!" என்று தொட்டியைச் சுற்றி நிற்பவர்கள் கத்துவார்கள். அந்தக் கத்தலோடு கம்பளம் மேலே வரும். அப்படியே சுமந்துபோய்ப் பிழியும் உருளைக்குக் கொடுப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகள். கம்பளத்தைக் கவ்வி இழுத்து, தண்ணீரைப் பிழிந்து, மறுபக்கம் துப்பிவிடும். உருளையின் வாய்க்கு முன்னால் கம்பி மறைப்பு ஒன்று இருந்தது. தடித்த கம்பளம் அதில் தட்டுகிறது, வேலை ஓடவில்லை என்று முதலாளி அதைப் போன மாதம் கழற்றச் சொல்லிவிட்டார். எல்லாரும் போய்க் கேட்டதற்கு, "கையைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவங்க வீட்ல இருங்க" என்றார்.

உருளையில் கம்பளத்தை ஊட்டுகிறவள் கறைக்காரியின் தங்கை. கறை எடுப்பதே வேலை என்பதால் அக்காவுக்குக் கறைக்காரி என்று பெயர். மையோ, தேநீரோ, நாய் மூத்திரமோ, எது கொட்டியிருந்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும். தாயில்லாத தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்து, கெஞ்சிக் கூத்தாடி இந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

அவள் மேசைக்குப் பின்னால் ஒரு பலகைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் முதலாளியின் கடை. அன்று காலையிலும் அவர் யாரோ ஓர் அம்மாளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"கம்பளம் வாங்கும்போது முகத்தைப் பாக்காதீங்கம்மா, திருப்பி முதுகைப் பாருங்க. முதுகு பொய் சொல்லாது. ஒரே பக்கம் வெயில் படாம அப்பப்போ திருப்பிப் போடுங்க. கறை பட்டா தேய்க்கவே கூடாது, குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி ஒத்தி எடுக்கணும். ரத்தம் பட்டுட்டா பச்சைத் தண்ணி மட்டும்தான். சுடுதண்ணி பட்டுச்சோ, ஜென்மத்துக்கும் போகாது."

எவ்வளவு கனிவான மனிதர்! கறைக்காரி தனக்குள் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே தங்கை அலறினாள்.

வெள்ளைக் கம்பளத்தின் மடிப்பைச் சரிசெய்யப் போன வலது கையை உருளை கம்பளத்தோடு சேர்த்துக் கவ்வியிருந்தது. மொட்டை சுவிட்சை நோக்கி ஓடினான். அதற்குள் கடைக்கதவைத் திறந்துகொண்டு முதலாளி வந்து நின்றார்.

"நிறுத்தாதே! பாதியில நிறுத்தினா கம்பளம் கிழிஞ்சுடும்!"

சுவிட்சருகே நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு முதலாளி சொல் வேதவாக்கு. கையிலிருந்த இரும்புக் கழியால் மொட்டையின் காதோடு ஓர் அறை கொடுத்தான். மொட்டை சுருண்டு விழுந்தான். மேஸ்திரி சுவிட்சை மறைத்து நின்றான். உருளை நிதானமாகச் சுற்றியது. எலும்பு நொறுங்கும் சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. கறைக்காரி பாய்ந்து மேஸ்திரியின் மணிக்கட்டைக் கடித்தாள். சதை வாயோடு வந்தது. அவன் உதறிய இடைவெளியில் சுவிட்சை அடித்து நிறுத்தினாள். உருளையைத் தளர்த்தி எடுத்தபோது தங்கையின் கை கையாக இல்லை.

முதலாளி குனிந்து பார்த்தது கம்பளத்தை. "ஐயையோ, அமைச்சர் வீட்டுக் கம்பளமாச்சே" என்றார்.

மேஸ்திரியின் ஆட்கள் தங்கையை வாசலுக்கு இழுத்துப்போய்த் தெருவில் கிடத்தினார்கள். வெளியே காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பின்னால் ஓடிய கறைக்காரியின் முகத்துக்கு நேராக இரும்புக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ் போட்டு, அதில் பூட்டையும் மாட்டினார்கள். கடைக்கதவை மேஸ்திரியின் ஆள் ஒருவன் மறித்து நின்றான். மூலையில் கிடந்த கம்பி மறைப்பைத் தூசி தட்டி எடுத்து, ஒருவன் உருளையில் மாட்டத் தொடங்கினான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார் முதலாளி. "அந்தப் பொண்ணு இன்னிக்கு வேலைக்கே வரலை. தெருவுல ஏதோ லாரி அடிச்சுட்டுப் போயிருக்கான். யார் வந்து கேட்டாலும் இதுதான் பதில்."

அவர் கறைக்காரியின் பக்கம் திரும்பிக் குரலைத் தேனாக்கினார்.

"இதை உன்னைவிட நல்லா எடுக்க ஆள் கிடையாதும்மா. எடுத்துடு. தங்கச்சி வைத்தியம் என் பொறுப்பு. இல்லேன்னா அவ கை அழுகினாலும் என்கிட்ட வராதே."

கம்பளத்தை அவள் மேசையில் விரித்துவிட்டுப் போனார்கள். வெள்ளை உரோமத்தில் ஓர் உள்ளங்கை அச்சுக் குத்தினாற்போல் பதிந்திருந்தது. கறைக்காரி ஒரு குவளையில் பச்சைத் தண்ணீர் மொண்டாள். துணியை நனைத்து ஒத்தினாள். பழகிய கை, தானாக வேலை செய்தது. சுண்டுவிரல் வெளுத்தது. குவளைத் தண்ணீர் சிவந்தது. தங்கைக்கு மருந்து வேண்டும், அதற்கு இதைத் துடைக்க வேண்டும். ஆள்காட்டி விரலுக்குத் துணியைக் கொண்டுபோனவள் ஒத்தாமல் பின்னிழுத்தாள். சிறுவயதில் அந்த விரலைப் பிடித்துத்தான் மணலில் எழுதக் கற்றுக்கொடுத்தாள்.

மொட்டை பக்கத்தில் வந்து நின்றான். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு ஓடியிருந்தது.

"நீ எடுத்தா உன்னைக் குத்தம் சொல்ல மாட்டோம் அக்கா" என்றான் மெதுவாக. "ஆனா இவன் பேச்சை நம்பாதே. போன மழைக்கு என் தம்பி கால் உடைஞ்சப்பவும் இதே தேனைத்தான் ஊத்தினான். இன்னிவரைக்கும் நொண்டிட்டுத்தான் இருக்கான். இந்தக் கை அச்சு போயிட்டா, உருளைதான் கடிச்சதுன்னு சொல்ல நமக்கு வேற சாட்சி ஏது?"

கறைக்காரி துணியைக் கீழே வைத்தாள். சோப்புக் கரைக்கும் அண்டா அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். மொட்டையும் பார்த்தான். கம்பளத் தொழிலில் இருப்பவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

"நான் ஒருத்தி ஊத்தினா என்னை மட்டும் கொன்னுட்டுப் போயிடுவாங்க" என்றாள்.

மொட்டை தலையைத் திருப்பாமல், தினம் கேட்கிற குரலிலேயே கேட்டான்: "யாரு ஊத்துறது?"

தொட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சொன்னாள், "எல்லாரும்."

குவளை, வாளி, தகர டப்பா, கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு அண்டாவுக்குப் போனார்கள். முதல் குவளையைக் கறைக்காரி ஊற்றினாள். ஆவி கிளம்பியது. நனைந்த உரோமமும் ரத்தமும் வெந்த வாடை எழுந்தது. அடுத்தடுத்து ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள். வெளுத்த சுண்டுவிரல் போக மற்றதெல்லாம் பழுப்பேறி இறுகி நின்றது.

"பச்சைத் தண்ணி! பச்சைத் தண்ணிடி, பாவி!" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

கறைக்காரி கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டிக் காட்டினாள். பின்புறத்திலும் அதே உள்ளங்கை.

"முதுகைப் பாருங்க முதலாளி. முதுகு பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கொளுத்துங்கடா அதை!"

"ஈரக் கம்பளம் எரியாது முதலாளி. இது கூடவா தெரியாது?" என்றான் மொட்டை. மேஸ்திரியின் கழி அவன் தாடையில் இறங்கியது. பல் தெறித்தது. அவ்வளவுதான், பட்டறை வெடித்தது. கம்பளத்தை மட்டுமே அடித்துப் பழகிய பிரம்புகள் முதன்முறையாகக் கம்பளமல்லாததை அடித்தன. கறைக்காரியின் தோளில் ஒரு கழி விழுந்தது. காறை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கண் இருட்டினாலும் கம்பளத்தை அவள் விடவில்லை. பெண்கள் அவளோடு சேர்ந்து அதைச் சுருட்டினார்கள். ஈரமும் கனமுமாக மரத்தடி போல் ஆயிற்று.

"தொழிலாளர் ஆபீசுக்கு" என்றாள் அவள். "அங்கே விரிப்போம். அப்புறம் பேசட்டும் லாரிக் கதையை."

குரல் கொடுக்க மொட்டை வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது. உடைந்த தாடையோடு அவளைப் பார்த்துத் தலையசைத்தான். கறைக்காரி முறியாத தோளைக் கம்பளத்துக்கு அடியில் கொடுத்து, வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்தினாள்:

"யாரு தூக்குறது?"

"எல்லாரும்!"

தூக்கினார்கள். இருபக்கமும் விழுந்த அடியை வாங்கிக்கொண்டே ஓடி, கம்பளத்தின் முனையால் இரும்புக் கதவை இடித்தார்கள். கதவு அதிர்ந்தது, திறக்கவில்லை. பின்வாங்கி மறுபடி இடித்தார்கள். அப்போது வெளியிலிருந்தும் யாரோ கதவில் அடித்தார்கள். தள்ளுவண்டிப் பெண்களின் குரல் கேட்டது. "அக்கா! தங்கச்சி உயிரோட இருக்கா! உன்னைத்தான் கேக்குறா! பக்கத்துச் சாயப்பட்டறை ஆளுங்களையும் கூட்டிட்டு வந்திருக்கோம்!"

கறைக்காரிக்கு அழுகை பீறிட்டு வந்தது. அழுதுகொண்டே மீண்டும் கேட்டாள். இந்த முறை பதில் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாக வந்தது.

தாழ் வளைந்திருந்தது. இன்னும் உடையவில்லை. அவர்கள் மீண்டும் பின்வாங்கி, கம்பளத்தைத் தோளில் இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.