அக்கா போட்ட மெட்டு

"இது என் மனைவிக்காக நானே போட்ட மெட்டு" என்று மேடையில் அத்தான் கண்ணைத் துடைத்தார். அரங்கமே உச்சுக் கொட்டியது. சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெட்டு என் அக்கா போட்டது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்த நாற்பது நாளில் இந்த மனுஷன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் போன பிறகு நான் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் மெட்டைப் பிடித்துக்கொண்டார்.

அத்தானுக்கு மேல் ஸ்தாயி எட்டாது. அந்த இடம் வந்தால் இடது கையை உயர்த்துவார். நான் மைக்கை அணைத்துவிட்டு, முன்பே பதிந்துவைத்த அவர் குரலை ஓடவிடுவேன். அவர் வாயை மட்டும் அசைப்பார். ஆறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

இன்றும் கை உயர்ந்தது. அக்கா படுக்கையில் கிடந்தபடி என் போனில் பாடியதை ஓடவிட்டேன். அவர் வாயசைக்க, அவள் குரல் வந்தது. முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தான் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைத் தாழ்த்தினார்.

கூட்டினேன். பாடி முடித்த அக்கா மூச்சு வாங்கியபடி அரங்கம் முழுக்கப் பேசினாள்:

"தம்பி, மெட்டு முடிஞ்சிடுச்சுடா. உங்க அத்தான் காதுல மட்டும் போட்டுடாதே. தான் போட்டதுன்னு சொல்லிட்டு அழுவாரு."