கோணல் சாரம்

வேலை நிலைக்குமா போகுமா என்பது ஸ்கிர்மந்தேவுக்கு அந்த வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சியாளர்களை எடைபோடும் பல்கலைக்கழகக் குழு அன்று மத்தியானம் கூடுகிறது.

பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. தேன் மாதிரி ஒரு திரவத்துக்குள் லேசரைக் குவித்து, ஒளி பட்ட புள்ளியை மட்டும் கெட்டியாக்கி, தலைமுடியில் நூறில் ஒரு பங்கு கனத்தில் கம்பி கம்பியாகச் சாரம் கட்டுவாள். கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் போலத்தான். இதில் ஏறி நிற்பவை இதயத்தின் உயிரணுக்கள். நின்று துடித்தால், செத்துப்போன இதயத்தசைக்கு ஒட்டுப்போட வழி பிறக்கும். இதுவரை ஏறின, ஒட்டின, துடிக்கவில்லை. துடிக்கிற ஒன்றைக் காட்டாவிட்டால் நீட்டிப்பு இல்லை என்று குழுத் தலைவர் மரியாதையாகவே சொல்லியிருந்தார்.

திங்களன்று இரண்டு சாரங்கள் தயாராயின. ஒன்று கத்தி முனை போல நேர்த்தி. மற்றதில் லேசரின் பலம் இறங்கிப்போய், கம்பிகள் அரைவேக்காடாகக் கோணிக் கிடந்தன. வெறுங்கண்ணுக்கு இரண்டுமே கண்ணாடிமேல் ஒரு தூசி. பீட்ரூட் குளிர்சூப்பைக் குடித்துக்கொண்டே நல்லது இருந்த கிண்ணத்தின் மூடியில் மஞ்சள் பேனாவால் பட்டை அடித்தாள்.

லேசர் அறையில் விளக்கும் மஞ்சள். வேறு வெளிச்சம் பட்டால் திரவம் கெட்டுவிடும். அங்கே மஞ்சள் மை கண்ணுக்குத் தெரியாது. புதிதாகச் சேருபவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்வது அதுதான். அந்த அறையில் வைத்துத்தான், மூடியைப் பார்க்காமல் நினைவை நம்பி, ஒன்றைக் குப்பைக்கும் மற்றதை உயிரணுக்களுக்கும் பிரித்தாள். கௌனஸ் நகரிலிருந்து வந்திருந்த உயிரணுக்களும் அத்தோடு தீர்ந்தன.

வியாழனன்று லேசர் இயக்குகிற விகந்தாஸ் குப்பையிலிருந்து எடுத்த கிண்ணத்தோடு வராந்தாவில் நின்றார்.

"டாக்டர், இந்தப் பட்டை நீங்க அடிச்சதுதானே?"

"நாந்தான்."

"அப்ப உள்ள வளருறது கோணலா?"

"கோணல்தான்."

"இதுக்காக எத்தனை பேரைத் திட்டிருக்கீங்க. அதுல நானும் ஒருத்தன்."



வெள்ளி காலை, தோல்விக்கும் ஒரு படம் வேண்டுமே என்று அந்தக் கோணல் சாரத்தை நுண்ணோக்கியில் வைத்தாள். பார்வையில் ஏதோ ஆடியது. தெருவில் டிராலிபஸ் போகிறது, மேசை அதிர்கிறது என்று நினைத்துக் காத்திருந்தாள். சத்தம் ஓய்ந்தது. ஆட்டம் ஓயவில்லை. ஒரு கோணல் கம்பி வளைந்தது, நிமிர்ந்தது. பக்கத்துக் கம்பியும் வளைந்தது. பிறகு சாரம் முழுக்க ஒரே மூச்சாக இழுபட்டு, விட்டது.

அவள் கை தானாகப் போய் நெஞ்சில் படிந்தது. இத்தனை வருடமும் உயிரணுக்கள் சும்மா இருக்கவில்லை. அவள் கட்டிக்கொடுத்த கெட்டிக் கம்பிகள் துளியும் அசையவில்லை, அவ்வளவுதான். சுவரைத் தள்ளுகிற ஆள் மாதிரி தள்ளித் தள்ளிச் செத்திருக்கின்றன. இது வளைந்துகொடுக்கிறது.

விகந்தாஸைக் கூப்பிட்டாள். வெகு நேரம் குனிந்திருந்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "யாரு சொல்லிக்கொடுத்தா இதுங்களுக்கு?"

"யாருமில்ல."

அறிக்கையில் கை தவறியதை மறைக்காமல் எழுதினாள். குழுத் தலைவர் அதைப் படித்தார், நுண்ணோக்கியில் குனிந்தார், எழுந்திருக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற உறுப்பினர்கள் இருமிப் பார்த்தார்கள். நாலு மணிக்கு ஐந்து வருட நீட்டிப்புக்குக் கையெழுத்தானது. அதைச் சொல்ல ஆள் வந்தபோது அவள் நுண்ணோக்கியிலிருந்து நிமிரவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்: நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு.