ஒரே தொட்டியில் இரண்டு மருந்து

இரண்டு வருஷத்துக்கும் மேலாக அந்த வீட்டின் மாடியும் கீழ்த்தளமும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. கீழே மூத்தவள், மாடியில் இளையவள்; அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள். என்ன சண்டை என்று கேட்டால் சிரிப்புதான் வரும். மூத்தவள் பகலில் சற்றுக் கண்ணயரும் நேரத்தில் மாடியில் தையல் மிஷின் தடதடத்தது. "இது வீடா, மில்லா?" என்று படிக்கட்டில் நின்று கேட்டுவிட்டாள். "தூங்குறவங்களுக்கு வீடு, உழைக்கிறவங்களுக்கு மில்லு" என்று இளையவள் மேலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து சொல்ல வேண்டியதை எல்லாம் மூத்தவள் பூந்தொட்டிகளிடம் சொன்னாள். இளையவள் துணிக்கொடியிடம் சொன்னாள். யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்கள் காதில் அது எப்படியும் விழுந்துவிடும். அண்ணனும் தம்பியும் இதில் தலையிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள விரும்பவில்லை.

வீட்டின் பின்புறம், மூன்று பக்கமும் உயரச் சுவர் சூழ்ந்த சின்னத் தோட்டம். அதன் நடுவில் மாமனார் கட்டிய நீரூற்று. மேலே இரண்டு தட்டு, கீழே இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. பம்ப் கெட்டுப்போய்த் தண்ணீர் ஓடாமல் நின்றது. நாள் முழுக்க வெயில், விழுந்து மக்கும் இலை, மாற்றாத தண்ணீர். பாசிக்கு வேறென்ன வேண்டும்? முதலில் சுவரில் வழவழப்பாகப் படர்ந்தது. பிறகு நூல் நூலாக மிதந்தது. கடைசியில் தொட்டி முழுவதும் கீரையை அரைத்து ஊற்றியது போலாகிவிட்டது. இரண்டு பேருக்கும் பொதுவான தொட்டி என்பதால் இரண்டு பேருமே தொடவில்லை.

அப்படியே கிடந்திருக்கும், நாத்தனார் மட்டும் போன் செய்யாமலிருந்தால். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவள் பல வருஷம் கழித்து வருகிறாள். "அப்பா கட்டின ஊத்து ஓடுதாண்ணா? அது பக்கத்துல உக்காந்து பேசணும்னு எத்தனை நாளா நெனச்சிட்டிருக்கேன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டாள். தம்பிக்காரன் உடனே பம்பைக் கழற்றிப் பழுது பார்த்தான். தண்ணீர் ஓடியது, ஆனால் பச்சையாக ஓடியது.

நாத்தனார் வரும் நாள் காலையில் விமானம் இறங்கி ரயிலேறி வரும் அவளை அழைத்துவர அண்ணனும் தம்பியும் ரயில் நிலையத்துக்குக் கிளம்பினார்கள். இளையவள் மாடியில் பள்ளிச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்திலிருந்து மூத்தவளின் குரல் கேட்டது. வழக்கம்போலப் பூந்தொட்டிகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காலங்காத்தாலேயே ஆரம்பித்துவிட்டாளா என்று இளையவள் மிஷினின் மிதியை இன்னும் பலமாக அழுத்தினாள். குரல் அமுங்கிவிட்டது.

கையிலிருந்த சட்டையை முடித்துவிட்டு அவள் கீழே இறங்கினாள். நாத்தனார் வந்ததும் முதலில் தோட்டத்துக்குத்தான் போவாள். அழுக்கைப் பார்த்தால் பழி மாடிக்கும் சேர்த்துத்தான் வரும். நல்ல பெயரையாவது நாம் எடுத்துக்கொள்வோமே என்று ஒரு கணக்கு. தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வடிந்திருந்தது. பம்பைக் கழற்றியபோது புருஷன் திறந்துவிட்ட குழாயைச் சரியாக மூடவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். ப்ளீச் வாடை வந்தது. கீழ் வீட்டில் குளியலறை கழுவுகிறார்கள் போலும். தொட்டியின் விளிம்பைச் சுற்றி உப்புக்கறை வெள்ளையாகத் தடித்திருந்தது. டைல்ஸ் கறைக்கு வாங்கி வைத்திருந்த ஆசிட் பாட்டிலை எடுத்து வந்து மேல் தட்டிலும் விளிம்பிலும் சுற்றிச் சுற்றி ஊற்றினாள். அது நுரைத்துக்கொண்டு உள்ளே வழிந்தது. கொஞ்ச நேரம் ஊறட்டும், பிரஷ் எடுத்து வரலாம் என்று மாடி ஏறினாள். தொண்டை கரகரத்தது. ஆசிட் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிரஷைத் தேடி எடுத்து ஜன்னல் பக்கம் வந்தவள் கீழே பார்த்தாள். மூத்தவள் தொட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக் குனிந்திருந்தாள். கையில் நீளமான துடைப்பம். சரிதான், வேலையையும் பெயரையும் தட்டிக்கொண்டு போக வந்துவிட்டாள் என்று ஒரு கணம் எரிச்சல் வந்தது. அடுத்த கணம் துடைப்பம் கீழே விழுந்தது. மூத்தவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நிமிரப் பார்த்தாள், முடியவில்லை. தொட்டிச் சுவரின் மேலேயே மடங்கிச் சரிந்தாள்.

இளையவள் எப்படிப் படிக்கட்டு இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தோட்டத்து வாசலில் கால் வைத்ததும் வாடை முகத்தில் அறைந்தது. கண்ணில் மிளகாய்ப்பொடியைத் தூவியது போல எரிந்தது. தொட்டிக்குள் மங்கலான மஞ்சளில் ஏதோ புகை போலத் தேங்கி நின்றது. புடவைத் தலைப்பால் மூக்கை இறுகப் பொத்தி, மூச்சை அடக்கி, ஒரு கையை மூத்தவளின் அக்குளில் கொடுத்து இழுத்தாள். தன்னைப் போல ஒன்றரை மடங்கு உடம்பு. நகரவில்லை. தலைப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். வீட்டுக்குள், கூடத்துக்கு, அதையும் தாண்டித் தெருவாசல் வரை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, தெருவைப் பார்த்து, "யாராவது வாங்களேன்!" என்று அலறினாள்.

மூத்தவளின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு விசில் அடித்தது. இளையவளின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

எதிர்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வண்டியில் ஏறியதும், மூத்தவளுக்கு ஆக்சிஜன் முகமூடி மாட்டிவிட்ட ஆம்புலன்ஸ் பையன் கேட்டான்:

"தொட்டியில என்னம்மா இருந்துச்சு?"

"ஆசிட். நான்தான் ஊத்தினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணும் இல்லயே... தெரியல."

"வேற ஏதோ இருந்திருக்கணும். டாக்டர் கேப்பாங்க. அவங்களையே கேட்டுச் சொல்லுங்க."

இளையவள் குனிந்தாள். இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த வாய்.

"அக்கா... அக்கா, நீங்க என்ன போட்டீங்க?"

மூத்தவள் முகமூடிக்குள் உதட்டை அசைத்தாள். "ப்ளீச்..." என்றாள். பிறகு, "ரெண்டு பாட்டில்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளையவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவளையே பார்த்தார். "ப்ளீச்சும் ஆசிட்டும் சேந்தா விஷவாயும்மா. வெட்டவெளியா இருந்திருந்தா காத்துல கலைஞ்சிருக்கும். சுத்திச் சுவர், குழியான தொட்டி. அதுக்குள்ள தலையை விட்டிருக்காங்க. நீங்க பாக்காம இருந்திருந்தா..." என்று சொல்லி, மீதியைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இளையவள் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ரயிலிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் மூன்று பேரும். நாத்தனார் கையில் இன்னும் பெட்டி இருந்தது. மூத்தவளின் புருஷன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் பேசிவிட்டு வெளியே வந்தார். இளையவள் எதிரில் நின்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை "என்னம்மா" என்றுதான் கூப்பிடுவார்; குரல் உயர்த்தியதே கிடையாது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். மறைக்காம சொல்லும்மா" என்றார் மெல்லிய குரலில். "தெரிஞ்சுதான் ஊத்துனியா?"

அவளுக்குக் கேள்வி முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது, என்ன மாமா இப்படிக் கேட்கிறீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தவள், தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் "என்னண்ணா பேசுற?" என்று பாய்வான் என்று நினைத்தாள். அவன் பாயவில்லை. அவனும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பதிலுக்காக.

"ஐயோ, என்னண்ணா இது, இழுத்துப்போட்டுக் காப்பாத்துனதும் இவதானே" என்று நாத்தனார்தான் குறுக்கே வந்தாள்.

"இல்ல மாமா" என்று கடைசியில் ஒரு குரல் வந்தது. அது தன் குரல் மாதிரியே இல்லை அவளுக்கு.

மறுநாள் மூத்தவளுக்கு முகமூடியைக் கழற்றியிருந்தார்கள். குரல் மட்டும் தகரத்தைச் சுரண்டுவது போல இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து இளையவள் உள்ளே போனாள். உட்காரவில்லை.

"அக்கா, நேத்து காலையில நீங்க தோட்டத்துல என்னமோ சொன்னீங்க. என் காதுல விழுந்துச்சு. என்னன்னு கேக்காம மிஷினை ஓட்டிட்டேன்."

"தொட்டித் தண்ணிய வடிச்சிட்டு மருந்து போட்டிருக்கேன், யாரும் கிட்டப் போகாதீங்கன்னு சொன்னேன்."

இளையவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்டயா சொன்னேன்? ரோஜாச்செடிகிட்டல்ல சொன்னேன்" என்றாள் மூத்தவள். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. இருமி ஓய்ந்து, "மாடிப்படி ஏற வலிச்சுது எனக்கு. கௌரவம்" என்றாள். "உக்காரு. எவ்வளவு நேரம் நிப்ப?"

சில நாள் கழித்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் அண்ணன் ஆள் வைத்துத் தொட்டியைக் காலிசெய்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவிட்டிருந்தார். பிறகு மருந்தே கிடையாது என்று எல்லோருமாக முடிவு செய்தார்கள். நாத்தனாரும் இளையவளும் வெறும் பிரஷால் தேய்த்துத் தேய்த்துப் பாசியைச் சுரண்டி எடுத்தார்கள். மூத்தவள் தோட்டத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த மூலை... அங்க இன்னும் பச்சை தெரியுது பாரு" என்று கரகரத்த குரலில் அதிகாரம் செய்தாள். மேலே நிழல்வலை கட்டினார்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவது, பம்பின் வடிகட்டிப் பஞ்சை அலசுவது, விழுந்த இலையை அன்றன்றைக்கே எடுப்பது என்று இரண்டு பெண்களும் நேருக்கு நேர் பேசிப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் அந்தக் கேள்வியை மறுபடி எடுக்கவே இல்லை. ஆனால் மாடிக் குளியலறை அலமாரியிலிருந்த ஆசிட் பாட்டில் எப்போதோ காணாமல் போயிருந்தது.

நாத்தனார் ஊருக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் இளையவள் புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா கேட்டாரு, சரி. அவரு பொண்டாட்டி உள்ள கெடக்கிறா. நீங்க ஏன் அப்படி என் மூஞ்சியப் பாத்தீங்க?"

அவன் தட்டிலேயே கண்ணாக இருந்தான்.

"பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு."

அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் இதே இடத்தில், இதே மனிதன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கீழே இருப்பவளைப் பற்றி என்னவெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறோம் என்று ஒவ்வொன்றாக நினைவு வரத் தொடங்கியது. அவன் சாப்பிட்டு எழுந்துபோய் வெகுநேரம் ஆகியும் அவள் அந்தத் தட்டை எடுக்கவில்லை.