சாயல் பேசாத வீடு

1
ஆர்த்திக்கு யார் சாயல் என்று வேங்கிக்காலில் அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொல்லக் கூடாதென்று எவரும் தடுத்ததுமில்லை.

எறும்புகளைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன்; இந்த வீடு குறுக்கே வந்துவிட்டது. பெரும்பாலான இனங்களில் ஆண் எறும்பு கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பதால் அதற்குத் தந்தை கிடையாது. ஆனால் தாய்வழித் தாத்தா உண்டு. அதைப் படித்த நாள்முதல் உறவுச்சொல் ஒவ்வொன்றின்மேலும் எனக்கு ஐயம்.

2
முதல் வரைவு: “மதிவதனி தன் அக்காவுக்குக் கருமுட்டை கொடுத்தாள், ஏனெனில்—”

(காரணம் தெரியவில்லை. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

ஆர்த்தியைச் சுமந்து பெற்றவள் அக்கா அருணாதேவி. ஐந்து ஆண்டுகளாக மதிவதனிக்கு ஒரே பயம்: முட்டை கொடுத்த பேச்சு ஒருமுறை வெளியே வந்துவிட்டால், குழந்தையைப் பார்க்க அக்கா வீட்டுப் படியேற முடியாது. கல்லூரியில் அவள் எறும்புகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். முட்டையிடுவது ஒருத்தி, வளர்ப்பவர்கள் வேறு என்று வகுப்பில் தடுமாறாமல் விளக்குவாள்.

(இந்த வேலை அவளுக்குச் செயற்கையாகப் பொருந்துகிறதோ? வங்கியில் உட்காரவைத்துப் பார்த்தேன். அங்கும் அவள் சுவரோர எறும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.)

3
ஆர்த்தியின் காதுகுத்து. படமெடுக்க வந்த அருணகிரி எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். மதிவதனி வழக்கம்போல் ஓரத்துக்குப் போனாள்.

“பாப்பாவோட அம்மா, அங்க ஏன் போறீங்க? நடுவுல வாங்க” என்றார் அவளைப் பார்த்து.

“அது சித்திப்பா” என்றாள் ஆர்த்தியின் அப்பாவைப் பெற்ற ஜோதியம்மாள். “நீ வெளிச்சத்தப் பாரு. பேச்சு ஜாஸ்தியா இருக்கு.”

“மூக்கு அப்படியே இருக்குதுங்களே.”

மதிவதனி செருப்பைத் தேடினாள்.

4
முடிவு ஒன்று: அவள் கீழ்பென்னாத்தூர் பேருந்தில் ஏறிவிடுகிறாள். முடிவு இரண்டு: எல்லாரும் சிரித்து மழுப்புகிறார்கள், படம் எடுக்கப்படுகிறது.

(குழப்பத்துக்கு இன்னொன்று: மஞ்சள் எறும்பினம் ஒன்றில், ஆணின் ஒரே உடலுக்குள் இரு பரம்பரைகளின் உயிரணுக்கள் கலக்காமல் குடியிருக்கின்றன. அதன் சாயலை யார் பெயரில் எழுதுவது?)

இரண்டு முடிவுகளையும் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன்: அருணாதேவிக்கு நான் ஒரு வசனம்கூட எழுதவில்லை. மூன்றாம் முடிவு என் கையில் இல்லை. அந்த வீட்டில் அப்புறம் என்ன ஆயிற்று என்பதை வாசகரே தீர்மானியுங்கள். அருணாதேவி தங்கையின் கையைப் பிடித்து நடுவே இழுத்ததுவரைதான் எனக்குத் தெரியும்.

“மூக்கு மட்டுமில்லண்ணா” என்றாள், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. “நெத்தி, கோவம் எல்லாமே மதியோடதுதான். அவ முட்டை குடுத்தா, நான் பெத்தேன். ரெண்டு பேரையும் நடுவுல வெச்சு எடுங்க.”