ஒன்பதைப் பார்த்த அம்பு

ஆளுக்கொரு பிளாஸ்டிக் சாமான் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னது வாத்தியார்தான். அதனால் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. சோப்புப் பெட்டி, வாளி, டிபன் டப்பா, சக்கரம் போன பொம்மை லாரி என்று வகுப்பு மேசையில் ஒரு பழைய சாமான் கடையே கூடிவிட்டது. ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் காசளவு வட்டம் ஒன்றைத் தேடச் சொன்னார். வட்டத்துக்குள் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள், நடுவில் வருஷமும் ஒரு குட்டி அம்பும். அம்பு எந்த எண்ணைப் பார்க்கிறதோ, அந்த மாதம் அந்தச் சாமான் அச்சிலிருந்து வெளியே வந்தது என்று அர்த்தம்.

"இதுக்கும் பொறந்த தேதி சர்டிபிகேட் இருக்குப்பா. நாமதான் குப்புறப் போட்டுப் பாக்கறதில்ல" என்றார். வகுப்பு சிரித்தது. அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பாவம்.

பதினெட்டு வருஷம் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் என்ஜினியராக இருந்துவிட்டு, போன வருஷம்தான் பாதிச் சம்பளத்துக்கு இந்தப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். சொந்தக்காரர்களெல்லாம் ஆகா ஓகோ என்று தூக்கிவைத்துப் பேசினார்கள். மனைவி மட்டும் முகத்தையே பார்த்தாள். "இத்தன வருஷமா மெஷினோட குடும்பம் நடத்துன ஆளு. திடீர்னு சாக்பீஸ் மேல என்னங்க ஆசை?" சிரித்து மழுப்பிவிட்டார். அவளும் அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

கடைசியாக முதல் பெஞ்சுப் பெண் எழுந்து வந்து ஒரு கரும்பழுப்பு ஸ்டூலை மேசைமேல் வைத்தாள். கவிழ்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அந்த நிறம் அவருக்குத் தெரிந்த நிறம். இருந்தாலும் கவிழ்த்தார். அம்பு ஒன்பதைப் பார்த்தது.

போன வருஷம் அந்த ஒன்பதாம் மாதம் தொழிற்சாலையில் அவசர ஆர்டர். புதுப் பிளாஸ்டிக் சரக்கு லாரி வரவில்லை. பின்கட்டில் உடைந்த, கோணிய சாமான்களை அரைத்துப் போட்ட கழிவு மலை மாதிரி கிடந்தது. பத்துக்கு இரண்டு பங்கு வரை அதைக் கலக்கலாம், அதற்குமேல் போனால் சாமான் பிளந்துவிடும். அன்றைக்கு ஆறு பங்கு கலந்தார்கள். அடர்ந்த நிறம் போட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. "ஒரே ஒரு தடவதான் தம்பி, கையெழுத்தப் போடு" என்றார் முதலாளி. இவரும் போட்டார். நாலாயிரம் ஸ்டூல். அந்த அம்பு வட்டம் வேண்டுமென்று முதலாளியோடு மல்லுக்கட்டி அச்சில் வைக்கச் செய்ததும் இதே மனிதர்தான். சரக்கில் குறை வந்தால் எந்த மாதத்தது என்று தெரிய வேண்டாமா என்று அன்றைக்கு அப்படி ஒரு நியாயம் பேசினார். கையெழுத்துப் போட்ட மறுமாதமே வேலையை விட்டார்.

"அம்மா மருந்துக்கடையில வேலை பாக்கறாங்க சார்" என்றாள் அந்தப் பெண். "மேல் தட்டுல எடுக்கறதுக்கு கடையில இந்த மாதிரி ஆறு வாங்குனாங்க. போன வாரம் ஒண்ணு கால் பிளந்து அம்மா விழுந்துட்டாங்க. மணிக்கட்டுல கட்டு. குண்டம்மா ஏறுனா ஸ்டூல் என்ன பண்ணும்னு கடையே சிரிச்சுதாம். இப்ப ஒரு வேளைதான் சாப்பிடறாங்க." நோட்டைத் திறந்தாள். "தப்பு அம்மா மேலயா, ஸ்டூல் மேலயா சார்?"

கால் சேரும் மூலையில் நகத்தளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். "எடை கூடுனா... ஓரமா ஏறி நின்னா... எந்தப் பொருளும் தாங்காதும்மா."

தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. அவளோ அதை அப்படியே நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டாள். "அப்ப அம்மா மேலதான். சொல்லிடறேன் சார்." ஸ்டூலைத் தூக்கினாள். "கடைக்குத் திருப்பிக் குடுக்கணும். இன்னிக்கு சரக்கு வர்ற நாளு. அம்மா கட்டோடதான் ஏறி அடுக்கிட்டிருப்பாங்க."

ஸ்டூலின் ஒரு காலை அவர் விடவில்லை. அவள் இழுத்துப் பார்த்தாள். அப்போதும் விடவில்லை.

"உங்கம்மா என்ன எடை?"

"எழுபத்திரண்டு சார்."

"அடியில நூத்தி இருபது கிலோ தாங்கும்னு அச்சடிச்சிருக்கு. நான் தொண்ணூத்தி நாலு." ஸ்டூலைத் தரையில் வைத்து ஏறினார்.

"சார், ஸ்டூல் பாவம் சார்!" என்றது கடைசி பெஞ்சு வாயாடி. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"இந்த ஒம்பதாம் மாசத்து ஸ்டூலுக்கெல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டது நான்தான்" என்றார் வாத்தியார். "போடக் கூடாதுன்னு தெரிஞ்சே போட்டேன். உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல. எழுதுனத அடிச்சிடு. முதல்ல அம்மாவுக்குப் போன் போடும்மா. எதுலயும் ஏற வேண்டாம்னு சொல்லு."

சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவதில் சரியாகப் போட்டாள். ஸ்பீக்கரில் மணி போனது.

"சார், இறங்கிடுங்க" என்றான் வாயாடி. அவன் கண் ஸ்டூல் காலில் இருந்தது. நகத்தளவு இருந்த வெள்ளைக் கோடு விரலளவு ஆகியிருந்தது. எங்கோ உள்ளே டிக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

அவர் இறங்கவில்லை. மருந்துக்கடையில் இதே மாதத்து ஸ்டூல் மிச்சம் நாலு இருக்கிறது. மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.