வண்டி நிற்க ஓர் இடம்

நான்கு பேர் சேர்ந்து தள்ளியும் வீரய்யாவின் கார் அசையவில்லை. அவர் கைக்கு மட்டும்தான் அது கிளம்பும். ஹட்டன் கார் ஸ்டாண்டில் அதைக் கேலி செய்யாத டிரைவர் கிடையாது. மச்சான் சோலைமலையும் வேட்டியை மடித்துக் கட்டித் தோள் கொடுத்த பிறகே அது முனகிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கியது.

மேலே வீட்டுக்குள் வீரய்யா கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. படிக்கட்டில் பாடை திரும்பாது. காரியங்களைக் கீழேதான் செய்ய வேண்டும். கார் நின்ற இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று அவர் மனைவி நாகலெட்சுமி ஒரே பிடியாக நின்றாள்.

அங்கேதான் அவள் அண்ணன் சோலைமலைக்கு உதறல். அந்தத் துண்டு நிலத்தைப் பக்கத்துக் கடைக்காரர் குணதாச முதலாளியிடம் வீரய்யா போன வருஷம் வாங்கியிருந்தார். வாங்கினார் என்றால் வாய்ப்பேச்சில்தான். வீரய்யாவைப் போல இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாதவன் பேரில் உறுதிப் பத்திரம் முடித்தால் நிலத்தின் விலையளவுக்கு வரியும் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. வரி கட்ட வீரய்யா என்ன தோட்டத்துத் துரையா? பணத்தைக் கொடுத்தார், முதலாளி தலையாட்டினார், இவர் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். அதன்பிறகு காரைக் கழுவுகிற சாக்கில் மண்ணையும் கூட்டிப் பெருக்குவார்.

“கேக்காம அங்க கெடத்துனா, அதையே சாக்கா வச்சு எடத்தப் புடுங்கிக்குவாரு தங்கச்சி. ஒரு வார்த்த கேட்டுருவோம்.”

“கேட்டா, நம்ம எடம் இல்லைன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்ணே. அங்கனயே எறக்குங்க.”

சொல்லிவிட்டு அவளும் முதலாளியின் கடைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். அந்தக் காரையும் இந்த மண்ணையும் தவிர அவர் வேறொன்றும் விட்டுப்போகவில்லை.

மழை தூறியது. கார் நின்ற இடம் மட்டும் காய்ந்திருந்தது. அதில் பாயை விரித்துக் கிடத்தினார்கள். தப்பு மேளம் அடிக்கத் தொடங்கிய நேரத்தில் முதலாளி வெள்ளைச் சாரம் கட்டி, குடை பிடித்து வந்தார். தப்புக்காரர்களின் கை தானாக நின்றது. சோலைமலை கும்பிட்டபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

முதலாளி அவரைப் பார்க்கவில்லை. ரோட்டு விளிம்பிலேயே நின்று செருப்பைக் கழற்றினார், குடையை மடக்கினார். நாகலெட்சுமியைப் பார்த்து, “உள்ளுக்கு வர ஏலுமா?” என்று கேட்டார்.

அப்படி அவளிடம் யாரும் கேட்டதில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் “வாங்க” என்று சொல்லும்வரை முதலாளி மழையிலேயே நின்றார்.