எதிர்ப்பக்கத்து நாற்காலி

சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தையற்காரிக்கு எதிரே உட்கார்ந்தவள் அவளுடைய அண்ணி. அண்ணி எப்போதும் ராஜாவின் சிப்பாயைத்தான் முதலில் நகர்த்துவாள். அதற்கான பதிலைத் தையற்காரி விழுந்து விழுந்து படித்திருந்தாள்.

அண்ணியோ ஒன்றும் தெரியாத பூனை மாதிரி ராணியின் சிப்பாயை நகர்த்தினாள். அடுத்து, அதன் பக்கத்துச் சிப்பாயை இரையாக நீட்டினாள். தையற்காரி ஊரையே ஜெயித்தது இதே தொடக்கத்தை ஆடித்தான். தூண்டில் போட்டே பழகியவளுக்கு மீனாக இருக்கத் தெரியவில்லை. சிப்பாயை லபக்கென்று வெட்டினாள். வெட்டிய தன் சிப்பாயைக் காப்பாற்றப் போய் ஆட்டத்தையே கோட்டை விட்டாள்.

கைகுலுக்கும்போது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தோத்துட்டு என்னடி சிரிப்பு?" என்றாள் அண்ணி.

"என் ஆட்டம் இவ்வளவு அழகுன்னு இந்தப் பக்கம் உக்காந்தாத்தான் தெரியுது, அண்ணி."